.243 ரைபிளுக்கு 58 கிரெயினா, 100 கிரெயினா?

அமெரிக்காவில் 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் தோட்டாவின் பெருமையே, ஒரே ரைபிளில் சிறு விலங்கையும் மானையும் வேட்டையாடலாம் என்பதுதான். ஆனால் குண்டை மாற்றியாக வேண்டும்.

கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு; 58 கிரெயின் ஏறக்குறைய 3.8 கிராம். மெல்லிய செப்பு உறை, பிளாஸ்டிக் முனை. குழலை விட்டு நொடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் பாயும், பட்டவுடன் சிதறும். மேய்ச்சல் நிலத்தைக் குடையும் பிரெய்ரி நாய்க்கும் (பெயர்தான் நாய், அது அணில் குடும்பம்), ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கயோட்டிக்கும் (ஓநாய் போன்ற அமெரிக்கக் காட்டு விலங்கு) இது போதும். தரையில் பட்டுத் தெறிக்கும் ஆபத்தும் குறைவு.

மானுக்கு இதையே போடுவது கொடுமை. தோள் எலும்பில் பட்டால் மேலாகவே உடைந்து, நுரையீரலை எட்டாமல் போகலாம். மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். மானுக்கு 100 கிரெயின் சாஃப்ட் பாயிண்ட் (முனையில் மெல்லிய ஈயம் வெளியே தெரியும் குண்டு)தான் சரி. வேகம் நொடிக்கு 900 மீட்டர் அளவுதான், ஆனால் முனை காளான்போல் விரிந்தபடி ஆழமாக இறங்கும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் இதையே எடுப்பேன். கயோட்டித் தோல் கொஞ்சம் கிழிந்தால் பரவாயில்லை.

அப்புறம், எடை மாறினால் குண்டு படும் இடமும் மாறும். ஒவ்வொரு முறையும் 100 கஜத்தில் தாளில் சுட்டு ஸ்கோப்பை (ரைபிள் மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிபார்த்துவிடுங்கள்.