முதல் நாளிலேயே போட வேண்டிய ஊசி: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குறித்த மதிப்பீடு

புற்றுநோய் ஒன்றைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட முதல் தடுப்பூசி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எதிரான தடுப்பூசிதான். ஆனால் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ‘பிறந்தவுடன்’ என்ற இடத்தில் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றோடு சேர்ந்து இருப்பதால், பெற்றோர் பலரும் இதைத் தனித்துக் கவனிப்பதில்லை. இந்த மருந்தை மதிப்பிடும்போது, எந்த நிறுவனம் தயாரித்தது, என்ன விலை என்பவற்றுக்கு முன்னால், குழந்தை பிறந்து எத்தனை மணி நேரத்தில் போடப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர்.

1970களில் தைவானில் தங்கி ஆய்வு செய்த பீஸ்லிக்கு முன்னால் இருந்த கேள்வி நேரடியானது: கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் அதிகமாகக் காணப்படுகிறதே, அந்த வைரஸ்தான் புற்றுநோயை உண்டாக்குகிறதா, அல்லது கெட்டுப்போன கல்லீரலில் வைரஸ் பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறதா? நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது என்பதால், நோய் வருவதற்கு முன்பே இரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, 22,707 ஆண்களை அவரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கண்காணித்தார்கள். அவர்களில் 3,454 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானபோது, கல்லீரல் புற்றுநோய் கண்ட 41 பேரில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்களாகவும், எண்ணிக்கையில் ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்த, வைரஸைச் சுமக்காதவர்களில் ஒரே ஒருவர் மட்டுமே நோயாளியாகவும் இருந்தது தெரியவந்தது. வைரஸைச் சுமந்தவர்களுக்கு அபாயம் 223 மடங்கு. இவ்வளவு தெளிவான எண்ணைப் புற்றுநோய் ஆய்வில் பார்ப்பது அரிது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஆனால் பெற்றோருக்கு அதைவிட நெருக்கமானது அவருடைய இன்னொரு பணி. பெரியவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டால் பெரும்பாலும் உடலே அதை வென்றுவிடும். நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களிடமே அது நிலைத்துவிடுகிறது. பிறக்கும் நேரத்தில் தாயிடமிருந்து தொற்றினாலோ, தாயின் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும்போது ஏறத்தாழ 90 சதவீதக் குழந்தைகளிடம் அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். நாற்பது, ஐம்பது வயதில் கல்லீரல் புற்றுநோயாக வெளிப்படுவது பல சமயம் பிரசவ அறையில் தொடங்கிய நோய். அத்தகைய தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு உடனடியாக இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) தொடர்ந்து தடுப்பூசியும் கொடுத்தால் சுமார் 94 சதவீதம் பாதுகாப்பு கிடைக்கும் என்று பீஸ்லியின் குழு 1983இல் காட்டியது. அடுத்த ஆண்டே தைவான் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு, அங்கே 6 முதல் 14 வயதுள்ள சிறாரிடையே கல்லீரல் புற்றுநோய் இலட்சத்துக்கு 0.70 என்ற அளவிலிருந்து, 1990களின் முற்பகுதிக்குள் 0.36ஆகக் குறைந்தது.

இனி மருந்தைப் பற்றி. ஈஸ்ட் செல்களில் தயாரிக்கப்படும் புரதமே இதிலுள்ளது. உயிருள்ள வைரஸ் இல்லை. குப்பியைக் குலுக்கினால் பால் கலந்த நீர்போல லேசாகக் கலங்கும். பச்சிளங்குழந்தைக்கு அரை மில்லி, தொடைத் தசையில் போடுகிறார்கள். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய இந்த மருந்து, வெப்பத்தைக்கூட ஓரளவு தாங்கும். உறைந்துவிட்டால் மட்டும் பயனற்றுப் போகும். ஆகவே ஐஸ் கட்டிகளோடு ஒட்டவைத்து எடுத்து வரும் மருந்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

மருந்துக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுப்பேன். அதை வழங்கும் முறைக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை. அரசு மருத்துவமனைகளில் பத்து டோஸ் கொண்ட குப்பியைப் பயன்படுத்துவதால், ஒரே ஒரு குழந்தைக்காகத் திறந்தால் மீதி வீணாகிவிடுமே என்ற தயக்கம் இருந்தது. முறையாக வைத்திருந்தால் திறந்த குப்பியை நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம் என்று விதி இருப்பதால், அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. எங்கள் உறவினர் ஒருவரின் குழந்தை சனிக்கிழமை மாலை ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தது. குழந்தை மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவார், ஊசியை அப்போது போட்டுக்கொள்ளலாம் என்று செவிலியர் சொல்லிவிட்டார். தாய்க்குத் தொற்று இல்லாததால் கவலைப்பட நேரவில்லை. தொற்றுள்ள தாயாக இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் தாமதம் எவ்வளவு விலை கேட்டிருக்கும் என்பதை பீஸ்லியின் ஆய்வைப் படித்தவர்கள் அறிவார்கள். 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசிக்கு மருத்துவரின் வருகைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே போடலாம்.

குறைகளும் உண்டு. ஏற்கெனவே தொற்று உள்ளவரை இந்த ஊசி குணப்படுத்தாது. பெரியவர்களுக்கு மூன்று டோஸ், கடைசி டோஸ் ஆறாம் மாதத்தில் என்பதால், பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் எதிர்ப்புத் திறன் குறைவாகவே உருவாகும். தொற்றும் வாய்ப்பு அதிகமுள்ள மருத்துவமனைப் பணியாளர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஊசிக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம்.

கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே ஹெபடைடிஸ் பி உள்ளதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருப்பது தெரிந்தால், இம்யூனோகுளோபுலினைப் பிரசவத்துக்கு முன்பே சொல்லி ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். அது விலை கூடியது, சிறிய மருத்துவமனைகளில் இருப்பில் இருக்காது, குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் மறு தொடையில் போட்டாக வேண்டும். வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.