காட்ஸ்வோல்ட் வே: பாதைக்கு முழு மார்க், ஏற்பாட்டுக்குப் பாதி

சுங்கை சிப்புட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லண்டனைச் சுற்றிவிட்டு, மான்செஸ்டரில் பந்து மைதான வாசலில் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மகள் பிரிஸ்டலில் தாதியாக இருப்பதால் எங்களுக்கு வேறொன்று வாய்த்தது. காட்ஸ்வோல்ட் வே என்பது சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூரில் தொடங்கி பாத் நகரத்தில் முடியும் 164 கிலோமீட்டர் நடைபாதை. நாங்கள் நடந்தது வடக்குப் பகுதி மட்டும், விஞ்ச்கம் ஊர் வரை. பாதைக்கு முழு மார்க் கொடுக்கிறேன். அறை பிடித்துக் கொடுத்து, பைகளை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்த நிறுவனத்துக்குப் பாதிதான்.

பாதைக்குச் சீட்டு கிடையாது, ஜாகாக்காரரும் கிடையாது. தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரணமில்லாமல் துரை பங்களா பக்கம் கால் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகும், செம்மண் சடக்கின் முனையில் கேட்டும் தடைப் பலகையும் அப்படியேதான் நிற்கின்றன. அங்கேயோ பாதை யாரோ ஒருவருடைய கோதுமை வயலுக்கு நடுவிலேயே போகிறது. முதல் வயலில் என் வீட்டுக்காரம்மா நின்றுவிட்டார்.

"ஏங்க, வயல்காரர் வந்து கத்தப் போறார்."

"நடங்கம்மா, வயல்தான் அவருது. வழி எல்லாருக்கும்" என்றாள் மகள்.

சட்டமே அப்படித்தான். வயலின் குறுக்கே போகும் நடைவழியை விதைப்புக்காக உழுதால், 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு விவசாயி அதைத் திரும்பச் சரிசெய்து தர வேண்டும் என்று 1990இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். முழங்கால் உயரப் பயிருக்குள் வகிடு எடுத்த மாதிரி வழி கிடந்தது. இது சும்மா கிடைத்த உரிமையும் இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, பணக்காரர்களின் வேட்டைக் காடாக இருந்த கிண்டர் ஸ்கவுட் மலைக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நடைவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சொன்ன சட்டம் 1949இல்தான் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

வழி தவறுவது கடினம். தேசிய நடைபாதை என்பதற்கு ஓக் மரத்துக் கொட்டைதான் அடையாளம். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வேலிகளில் ஒரு வகைக் கதவு வைத்திருக்கிறார்கள். வளைந்த கம்பிக்கூண்டுக்குள் அது ஆடும். உள்ளே நுழைந்து, ஓர் ஓரமாக ஒதுங்கி, கதவை நம்மைத் தாண்டித் தள்ளினால்தான் வெளியே வரலாம். ஆள் வளைந்து போய்விடுவான், மாட்டால் முடியாது. முதுகில் பெரிய பை இருந்தால் நீங்களும் மாடுதான்.

ஊர்களில் சிப்பிங் கேம்டனை விட்டுவிடாதீர்கள். வெண்ணெயும் கோழியும் விற்பதற்காக 1627இல் கட்டிய சந்தைக் கூடம் இன்னும் தெருவில் நிற்கிறது. உள்ளே தரைக்கல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. வீடு, கோயில், மதில் எல்லாம் ஒரே தேன் நிறச் சுண்ணாம்புக்கல். ஆட்டு ரோமம் விற்ற காசில் எழுந்த ஊர். பிராட்வே டவர் பார்க்கக் கோட்டை, ஆனால் யாரும் போர் செய்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழகுக்காகக் கட்டியது. கீழே பிராட்வே ஊரில் கூட்டமும் விலையும் அதிகம். அதைத் தாண்டி வரும் ஸ்டான்டன்தான் எனக்குப் பிடித்தது, அங்கே சத்தமே இல்லை. 1246இல் தொடங்கிய ஹெய்ல்ஸ் மடத்தில் இப்போது இடிந்த வளைவுகள்தான் மிச்சம்.

இனி நிறுவனம். அறைகள் சுத்தம், பசியாறவும் வயிறு நிறையக் கொடுத்தார்கள். ஆனால் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்த அன்று பை வரவில்லை. விளக்கு வைத்த பிறகுதான் வேன் வந்தது, ஒரு மன்னிப்புக்கூட இல்லை. அவர்கள் தந்த வழிப் புத்தகத்தில் 'சிவப்புக் கொட்டகையில் இடப்பக்கம் திரும்பவும்' என்று இருக்கிறது. அந்த வட்டாரத்தில் சிவப்பாக இருந்தது தபால் பெட்டி மட்டும்தான். அதை நம்பாமல், பிரிட்டன் அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பொது நடைவழி எல்லாம் பச்சைக் கோடாகத் தெரியும்.

காலணிக்கு ஒரு வார்த்தை. நான் போட்டுப் போனது பால் வெட்டுக்குப் போகிறவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, நம் கம்போங் அடிடாஸ். ஆடு மிதித்த சேற்றில் விலை உயர்ந்த பூட்ஸ்காரர்கள் வழுக்கிக்கொண்டிருக்க, எனக்குப் பிடிப்பு பிசகவே இல்லை. குளிர் மட்டும் உள்ளே ஏறும், இரட்டைக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மதிய உணவைத் தள்ளிப்போட வேண்டாம். பல பப்களில் பிற்பகலில் அடுப்பை அணைத்துவிட்டால் மாலைவரை சிப்ஸ் பாக்கெட்தான். லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்டன்-இன்-மார்ஷுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து கேம்டனுக்குப் பேருந்து. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் போய் இறங்காதீர்கள்.