வாளையாறு தாண்டிய தொழிலாளர் சட்டம்: வகுப்பா, சான்றிதழா, சீனியரா, அலமாரியா?

பொள்ளாச்சியில் ஜவுளிக்கடை, எல்லை தாண்டி கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் கிளை. கிளையில் எட்டு மாதம் வேலை பார்த்த பெண்ணை "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று முதலாளி நிறுத்திவிட்டார். பாலக்காட்டு வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் வருவது பொள்ளாச்சி வக்கீலிடம்தான். பத்திரம், செக் கேஸ், வாடகைத் தகராறு எல்லாம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தானே! கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் வழியாக வியாபாரம் போகிற ஊர்களில் இப்படி ஒரு பைலாவது இல்லாத ஆபீஸ் குறைவு.

வக்கீல் பதிவு செய்த பிறகு வருடத்துக்கு இத்தனை மணி நேரம் படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 30ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் பாலக்காட்டில் நிற்பதற்கு உரிமைக் குறை எதுவும் இல்லை. போய் நின்று என்ன பேசுவது என்பதுதான் கேள்வி. அதைக் கற்றுக்கொள்ள நான்கு வழிகள் கண்ணில் படுகின்றன: கேரளத்தில் நடக்கும் நேரடி வகுப்பு, ஆன்லைன் சான்றிதழ், பாலக்காட்டு சீனியர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வது, சட்ட இதழும் பேர் ஆக்டும் (உரை இல்லாத மூலச் சட்டப் புத்தகம்) வாங்கி வைத்துக்கொண்டு தானே படிப்பது. நான்குக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் எங்கே படிப்பது என்று சொல்ல முடியும். மேலே சொன்ன கடைப்பெண் வழக்கையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் என்றால் 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. ஆறு மாதத் தொடர் வேலை முடித்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. கேரளத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 18ஐத் திறந்தால் கிட்டத்தட்ட அதே வாசகம். ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1956 நவம்பர் வரை பாலக்காடு மெட்ராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில்தானே இருந்தது. (சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்யத்துத் துண்டு. அது வேறு கதை.) இந்த ஒற்றுமைதான் ஆபத்து. பிரிவு ஒன்றுபோல இருப்பதால் மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்தப் படிவத்தில் என்பதும் ஒன்றுதான் என்று கை தானாக எழுதிவிடும். அதையெல்லாம் அந்தந்த மாநிலத்து விதிகள் தீர்மானிக்கின்றன. போதாததற்குக் கேரளத்தில் கடைத் தொழிலாளர்களுக்கென்றே 2006இலிருந்து தனி க்ஷேமநிதிச் (நல நிதி) சட்டம் இருக்கிறது. பொள்ளாச்சி முதலாளி அதில் கிளையைப் பதிவு செய்திருக்கிறாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது திருதிரு என்று முழிக்கக் கூடாது. கடையில் உட்காரும் உரிமையையும் கேரளம் 2018இலேயே சட்டத்தில் சேர்த்தது. நாம் 2021இல் சேர்த்தோம்.

அப்புறம் ஜோடியே இல்லாத விஷயங்கள். பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குக் கோவையிலிருந்து மெஷின் போகிறது. கேட்டில் லோடு இறக்கத் தகராறு. அங்கே ஓடுவது 1978ஆம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டமும் அதன்கீழ் 1983இல் வந்த திட்டமும். வேலை செய்யாமலே கேட்கிற நோக்குக்கூலியை 2018 மே 1 முதல் கேரளம் ஒழித்துவிட்டதாக அறிவித்தது உண்மை. ஆனால் அந்த இடம் திட்டத்துக்குள் வருகிறதா, கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு 26ஏ கார்டு (சுமட்டுத் தொழிலாளர் பதிவு அட்டை) இருக்கிறதா என்று பார்க்காமல் வாய் திறக்க முடியாது. தகராறு முற்றினால் போலீஸ் பாதுகாப்பு கேட்டு எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது அங்கே வழக்கமான வழி. நம் பக்கம் 1982ஆம் ஆண்டின் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் இருந்தாலும், லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு அதைப் புரட்டிப் பார்த்த கோவை வக்கீலை நான் கண்டதில்லை. சித்தூர் பக்கத்துக் கள் இறக்கும் தொழிலாளிக்கு 1969 முதல் தனி க்ஷேமநிதிச் சட்டம். கள்ளுக்கே தடை இருக்கிற தமிழ்நாட்டு வக்கீலுக்கு இது முழுக்கப் புதுப்பாடம். மறுதிசையில், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்கிற 1981ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுச் சொத்து. வாளையாறு எல்லையைத் தாண்டினால் அது கூட வராது. மூச்சுக்கு மூச்சு 480 நாள் சொல்லிப் பழகிய வாய்க்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

இதற்கு மேல் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் (லேபர் கோட்) நடைமுறைக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றில் அடங்கிவிட்டன. மாநிலங்களின் சொந்தச் சட்டங்கள் அப்படி அடங்கவில்லை. தொகுப்புகளை வெளிப்படையாக எதிர்த்த மாநிலங்களில் கேரளம் முன்வரிசை. ஆக எல்லை வக்கீலுக்குத் தேவை மூன்று அடுக்கு: புது மத்தியத் தொகுப்பு, அதற்கு மாநிலம் போடும் விதி, தொகுப்பு தொடாத மாநிலச் சட்டம். இந்த மூன்றையும் எந்த வழி எவ்வளவு கொடுக்கிறது?

ஆன்லைன் சான்றிதழை முதலில் பார்த்துவிடலாம், சொல்ல அதிகம் இல்லை. மத்திய அடுக்குக்கு அது நன்றாகவே உதவும். வீட்டிலிருந்தே ராத்திரி பத்து மணிக்குக் கேட்கலாம், திரும்ப ஓட்டிக் கேட்கலாம். வேலை நீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாக மன்றத்துக்குப் போகும் கெடு பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு, தொழிலுறவுத் தொகுப்பில் இரண்டு ஆண்டு. இந்த மாதிரி மாற்றங்களை வரிசையாகத் தெரிந்துகொள்ள நல்ல வகுப்பு போதும். ஆனால் கோவை, டெல்லி, புனே எல்லாருக்கும் ஒரே பாடம். சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தை டெல்லிக்காரருக்கு எதற்கு நடத்தப்போகிறார்கள்? ஒரு சோதனை சொல்கிறேன். பாடத்திட்டத்தில் தற்காலிகப் பணிநீக்கக் காலத்துப் பிழைப்பூதியம் எப்படி நடத்தப்படுகிறது என்று பாருங்கள். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், பிறகு முக்கால் என்று தொகுப்பை மட்டும் சொல்லி முடித்தால் அது மாநில அடுக்கைத் தொடாத வகுப்பு. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டத்தில் 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம். கேரளத்துக்கு 1972இலிருந்தே தனிச் சட்டம். இந்த மூன்றும் எங்கே மோதும் என்று ஒரு மணி நேரமாவது பேசுகிற வகுப்புக்குப் பணம் கட்டலாம். மற்றவற்றில் கிடைப்பது விசிட்டிங் கார்டில் சேர்க்க ஒரு வரி.

கேரளத்து நேரடி வகுப்புகள் இதைவிட மேல். கொச்சியில் கேரள பார் கவுன்சிலின் எம்.கே. நம்பியார் அகாடமி இருக்கிறது. வக்கீல்களின் தொடர் கல்விக்கென்றே ஏற்பட்டது. 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக மெட்ராஸ் மாநிலத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய அதே நம்பியார் பெயரில். திருவனந்தபுரத்தில் தொழிலாளர் துறையைச் சேர்ந்த கைல் (கேரளத் தொழிலாளர், வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம்) இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு வருவோரில் தொழிற்சங்கத்தாரும் அதிகாரிகளும் உண்டு. எனக்கு அதுவே அதன் பெரிய பலமாகத் தெரிகிறது. நாளைக்கு சமரசப் பேச்சில் எதிரே உட்காரப் போகிறவர் சட்டத்தை எப்படி வாசிக்கிறார் என்று பக்கத்து நாற்காலியிலிருந்தே பார்க்கலாமே. குறை என்றால் தூரம். கோவையிலிருந்து எர்ணாகுளம் சுமார் 190 கிலோமீட்டர், திருவனந்தபுரம் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒருநாள் வகுப்புக்கு மூன்று நாள் வாய்தாவைத் தள்ளி வைக்க வேண்டிவரும். கேள்வி பதில் சூடு பிடித்ததும் பேச்சு மலையாளத்துக்கு மாறிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை. உடுமலைக்காரர் பாவம்.

மூன்றாவது வழியில்தான் எனக்குச் சாய்வு. பாலக்காட்டில் தொழில் தீர்ப்பாயத்தில் நிற்கிற ஒரு சீனியரோடு ஏற்பாடு செய்துகொள்வது. கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், காலை ரயிலில் போய் மாலையில் திரும்பலாம். நம் கட்சிக்காரர் வழக்கை அவரோடு சேர்ந்து நடத்துவது, ஃபீஸைப் பகிர்ந்துகொள்வது, பதிலுக்கு அவருக்குக் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வேலை வந்தால் நாம் பார்த்துக் கொடுப்பது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது இங்கேதான் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒன்று. பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடம் இருக்கவில்லை. தீர்ப்பாயத்தில்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, மன்றமும் அனுமதித்தால்தான் நிற்க முடிந்தது. புதுத் தொகுப்பும் இந்தக் கட்டுப்பாட்டைத் தொடர்கிறது. சரி, சம்மதத்தை எப்படி வாங்குவது? யூனியன் தரப்பு எப்போது தலையாட்டும், எப்போது முதல் வாய்தாவிலேயே ஆட்சேபணை போடும்? ஜில்லா லேபர் ஆபீசர் முன்னால் முதலாளியை மட்டும் அனுப்பிவைத்தால் அவர் கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும்? இதையெல்லாம் வராந்தாவில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும். தமிழ்நாட்டில் வக்கீல் பழக்கமாக நம்பியிருக்கும் சில சௌகரியங்கள் அங்கே இருக்காது, அங்கே இருப்பது இங்கே இருக்காது.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. சீனியர் முதலாளித் தரப்புக்கே நிற்கிறவர் என்றால் உங்கள் படிப்பும் ஒருபக்கமாகவே இருக்கும். யூனியன் வக்கீல் என்றால் மறுபக்கம். முடிந்தால் இரண்டு தரப்பும் எடுக்கிறவராகப் பாருங்கள். வயது குறைந்தவராக இருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு நம் 480 நாள் சட்டம் தேவைப்படும், நமக்கு அவருடைய சுமட்டுத் தொழிலாளர் சட்டம். இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல்தான் நீடிக்கும்.

தானே படிப்பதை மலிவு வழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அது தப்பு. பேர் ஆக்ட் இணையத்தில் இலவசம், தீர்ப்புகளும் அப்படியே. சென்னையிலிருந்து வரும் லேபர் லா ஜர்னல் ஏற்கெனவே அலமாரியில் இருக்கலாம். ஆனால் கேரள உயர் நீதிமன்றம் 18ஆம் பிரிவை எப்படி வாசிக்கிறது என்பதற்குக் கேரளா லா டைம்ஸ் வேண்டும். பாலக்காட்டில் எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டப்போவது பெரும்பாலும் அதிலிருந்துதான். கூடவே மலையாள எழுத்து. அரசாணையும் துறைக் கடிதமும் மலையாளத்தில் வரும். பேச்சு புரிகிறவருக்கு எழுத்து பிடிபட அதிக காலம் ஆகாது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த வழி வைத்திருக்கிறது. தொழிலாளி தரப்புக்கு நிற்கும்போது இது உதவும். ஆனால் நம் மனு தமிழில் போனாலும் அவர்கள் பைலில் இருக்கும் குறிப்பு மலையாளத்தில்தான் இருக்கும்.

அப்படியானால் யாருக்கு எது? கோவைக் கம்பெனிகளுக்கு ஆலோசனை மட்டும் சொல்கிறவர், கோர்ட் படி ஏறாதவர் என்றால், ஆன்லைன் வகுப்பும் கேரளா லா டைம்ஸும் போதும். வகுப்பின் பாடக் குறிப்பு 2025 நவம்பருக்குப் பிறகு திருத்தப்பட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கஞ்சிக்கோட்டில் இரண்டு மூன்று கட்சிக்காரர்கள் இருந்தால் முதலில் சீனியர், பிறகு கொச்சி வகுப்பு, சான்றிதழ் கடைசியில். பாரில் புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்கு நான் வகுப்பைச் சொல்ல மாட்டேன். முதல் வருடம் இங்கேயே தமிழ்நாட்டுச் சட்டத்தை ஒழுங்காகப் படிக்கட்டும். நம் 41 தெரியாதவருக்கு அவர்கள் 18 எங்கே வேறுபடுகிறது என்று தெரியாது.

தேனி, போடி, கம்பம் பக்கத்து வக்கீல்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு எல்லை என்றால் குமுளியும் போடிமெட்டும். பைல் வருவது தேயிலை, ஏலத் தோட்டங்களிலிருந்து. கூலியைப் பேசி முடிக்கிற இடம் முத்தரப்புத் தோட்டத் தொழிலாளர் குழு. 2015 செப்டம்பரில் மூணாறின் தமிழ்ப் பெண்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். கேட்டது 500, குழுவில் முடிவானது 301. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இப்போது தொகுப்புக்குள் போய்விட்டது. லயத்து வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் காப்பகம் பற்றிய பழைய பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பாலக்காட்டு சீனியர் இதற்கு உதவ மாட்டார். பீர்மேட்டிலோ தேவிகுளத்திலோ தோட்ட வழக்கு நடத்துகிறவரைத்தான் தேட வேண்டும். அந்தப் பக்கம் தமிழ் பேசுகிற வக்கீல்களும் உண்டு என்பதால் தேடுவது சிரமமாக இருக்காது.