பழைய ஒர்க்ஸ்டேஷன், ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு: பிளெண்டரோடு மூன்று ஆண்டுகள்

அனிமேஷன் படிக்கும் பிள்ளைக்குக் கணினி வாங்க வேண்டும், கையில் ஐம்பது அறுபதாயிரம் இருக்கிறது, எந்த லேப்டாப் நல்லது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்கு லேப்டாப்பே வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். கேட்டவர்களின் முகம் வாடுவது தெரிந்தும் இதையே சொல்கிறேன். பிள்ளை ஆசையோடு தொடங்கிய வேலையை ஆறே மாதத்தில் கைவிடுவதற்குத் திறமைக் குறைவைவிட, சூடாகித் திணறும் ஒரு மெல்லிய லேப்டாப் காரணமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மழலைப் பாடல்களும் பள்ளிப் பாட விளக்கப் படங்களும் என் பிழைப்பு. உருவங்களைச் செய்யும் மாடலிங் முதல், காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக இறுதிப் படமாக்கும் ரெண்டர் வரை எல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில்தான். 2023 தொடக்கத்திலிருந்து இவை அனைத்தும் ஏதோ ஒரு நிறுவனம் பயன்படுத்திக் கழித்துவிட்ட, கனமான வேலைகளுக்கான பழைய ஒர்க்ஸ்டேஷன் கணினி ஒன்றில் நடக்கின்றன.

எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் 5810, லெனோவோ பி500 ஆகிய மூன்றும் ஒரே காலத்தவை. இன்டெல் 2014இல் கொண்டுவந்த ஜியான் இ5 வி3 செயலி வரிசைக்காக வடிவமைக்கப்பட்டவை. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பழைய கணினி விற்கும் கடைகளில் விசாரித்தால் இவற்றில் ஏதாவது ஒன்று அகப்படும். என்னிடம் இருப்பதும் இவற்றில் ஒன்றுதான். 32 ஜிபி ரேமோடு இருபத்தைந்தாயிரத்துக்குள் முடிந்தது. அந்தப் பெட்டிக்குள் புதிதாக வாங்கிச் செருகியது என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு. கார்டின் விலை கணினியின் விலையைவிடச் சற்று அதிகம். பலருக்கு இது தலைகீழ்க் கணக்காகத் தோன்றும். முப்பரிமாண அனிமேஷனுக்கு இந்தக் கணக்குதான் சரி.

கடையில் எனக்கு முதலில் காட்டப்பட்டது 14 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் மையங்கள்) கொண்ட, வி3க்கு அடுத்த வரிசையான ஜியான் இ5-2680 வி4. "கோர் அதிகம் சார், ரெண்டர் பறக்கும்" என்றார்கள். நான் கேட்டு வாங்கியது ஆறே கோர் உள்ள இ5-1650 வி4. முந்தையது உச்சத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ், இது 4.0. ரெண்டரைக் கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளும்போது பதினான்கு கோர்களில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும். ஆனால் பகல் முழுவதும் நான் செய்யும் வேலை ரெண்டர் அல்ல. பாத்திரத்துக்குள் இருக்கும் எலும்புக்கூட்டை (ரிக்) அசைத்து, ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி அசைப்பது. அந்த வேலையில் ஒரு கோரின் வேகம்தான் பேசும். ஒரு பாத்திரத்தின் ரிக்கில் ஒரு எலும்பு அசைந்த பிறகே அதைச் சார்ந்த அடுத்ததைக் கணக்கிட முடியும். அந்தக் கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி குறைவு.

பிளெண்டரில் காட்சியை ஓடவிட்டால் இடது மேல்மூலையில் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்று தெரியும். 24 எட்டினால் சாதாரண நிறம், எட்டாவிட்டால் சிவப்பு. பாட்டி, பேத்தி, ஆட்டுக்குட்டி என மூவர் வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். பாட்டி மட்டும் இருக்கும்வரை 24 அசையாமல் நிற்கிறது. பேத்தி வந்ததும் 20 பக்கம் இறங்குகிறது. ஆட்டுக்குட்டி துள்ளத் தொடங்கியதும் 14, 15 என்று சிவப்பில் தவிக்கிறது. இது வெறும் எரிச்சலோடு போகும் விஷயமல்ல. ஒரு அடிக்கு 12 ஃபிரேம் என்று இயல்பாக நடக்கவைத்த பாட்டி அந்த வேகத்தில் கால் வலிக்காரியாகத் தெரிவார். அதை நம்பிக் கைவைத்து விரைவுபடுத்தினால் ரெண்டரில் ஓடுவார். நடிப்பின் நேரக்கணக்கே தப்பிவிடுகிறது.

இதற்கு நான் பழகிக்கொண்ட வழிகள் உண்டு. வேலை செய்யும்போது, உருவத்தை வழவழப்பாக்கும் சப்டிவிஷனை வியூபோர்ட்டில் (காட்சியைத் திருத்தும் சாளரத்தில்) பூஜ்யமாக்கிவிடுகிறேன். சேலை, பாவாடை போன்றவற்றைத் தனித் தொகுப்பில் போட்டு மறைத்துவைக்கிறேன். அசைக்காத பாத்திரத்தை அன்றைக்கு மட்டும் அணைத்துவிடுகிறேன். நேரக்கணக்கைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் வியூபோர்ட்டையே பாதி அளவில் ரெண்டர் போட்டுப் பார்க்கிறேன். அது சில விநாடிகளில் முடிந்து, உண்மையான வேகத்தைக் காட்டிவிடும். இவ்வளவு செய்தும், இந்தக் கணினியின் பெரிய பலவீனம் இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு கோரின் வேகத்தில் 2022இல் வந்த சாதாரண ஐ3-12100 சில்லு இந்த ஜியானை எளிதாக முந்தும். நான்கைந்து பாத்திரங்கள் எப்போதும் கூடிப் பேசும் காட்சிகள்தான் உங்கள் வேலை என்றால், ஐ5-12400 போன்ற ஒன்றைப் போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்வதே மேல். மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), கேபினெட் என்று செலவு கூடும். கூடினாலும் கொடுக்கலாம்.

கார்டுக்கு வருகிறேன். 12 ஜிபி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. உருவத்தின் பரப்பில் ஒட்டும், 4096க்கு 4096 புள்ளி அளவுள்ள ஒரு டெக்ஸ்ச்சர் படம் வட்டில் இரண்டு மூன்று எம்பிதான் இருக்கும். கார்டின் நினைவகத்துக்குள் விரிந்தால் 64 எம்பி. ஒரு சுவருக்கு நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் என்று மூன்று படங்கள் வைத்தால் கிட்டத்தட்ட 200 எம்பி. ஓட்டு வீடு, திண்ணை, வேப்பமரம், வைக்கோல் போர், கிணறு என்று ஒரு கிராமத்துத் தெருவைக் கட்டி முடிப்பதற்குள் 4 ஜிபி கார்டு நிரம்பிவிடும். நிரம்பினால் ஒன்று ரெண்டர் ஊர்ந்து போகும், இல்லையென்றால் நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு நின்றுவிடும். வேகம் குறைந்த கார்டோடு காத்திருந்து வேலையை முடித்துவிடலாம். நினைவகம் போதாத கார்டோடு என்ன செய்வது? மரத்தை வெட்ட வேண்டும், கிணற்றைத் தூர்க்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் பக்கம் விற்கும் கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலும் 4 அல்லது 6 ஜிபி கார்டுதான் இருக்கிறது. என் எதிர்ப்பின் வேர் அங்கேதான். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் சந்தையில் உண்டு. பெட்டியின் மேல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஏஎம்டி கார்டுகள் அதே விலைக்கு விளையாட்டில் நன்றாக ஓடும். ஒளியைத் துல்லியமாகக் கணக்கிடும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் முறையில், என்விடியாவின் ஆப்டிக்ஸ் தொழில்நுட்பம் தரும் வேகம் அவற்றில் கிடைப்பதில்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளும் இப்போது பிளெண்டரில் வேலை செய்கின்றன. ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருந்தால்தான் அவை முழு வேகத்தில் ஓடும். இந்த வயது ஒர்க்ஸ்டேஷன்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

இனி ரெண்டர். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மூன்று நிமிடப் பாடலுக்கு 4,320 ஃபிரேம். சைக்கிள்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 30 விநாடி என்று வைத்தால் 36 மணி நேரம். பிளெண்டரின் இன்னொரு, வேகமான ரெண்டர் முறையான ஈவீயில் 3 விநாடி என்றால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். குழந்தைப் பாடல்களின் தட்டையான, பளிச்சென்ற நிறங்களுக்கு ஈவீ தாராளமாகப் போதும். விளக்கொளி, கண்ணாடி, தண்ணீர் என்று வரும் சில காட்சிகளை மட்டும் சைக்கிள்ஸில் போடுகிறேன். அதிலும் 128 சாம்பிளோடு (ஒரு புள்ளிக்கு 128 முறை ஒளியைக் கணக்கிடுவதோடு) நிறுத்தி, படத்தில் மிஞ்சும் மணல் போன்ற புள்ளிகளை டினாய்சர் என்ற வடிகட்டி துடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். யூடியூபில் கைபேசியில் பார்க்கும் குழந்தைக்கு ஆயிரம் சாம்பிளின் நுணுக்கம் போய்ச் சேராது.

ரெண்டரை ஒருபோதும் நேரடியாக வீடியோ கோப்பாகப் போடக் கூடாது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகப் போட்டு, ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் எழுதாதே என்று அமைத்துவிட வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போனால் இழப்பது அந்த ஒரு ஃபிரேம் மட்டுமே. காலையில் மறுபடி ஓடவிட்டால் நின்ற இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊர் மின்வெட்டுகளுக்கு இதைவிட நல்ல காப்பீடு நான் கண்டதில்லை. யூபிஎஸ் வேண்டியதுதான். ஆனால் சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸின் திறன் 360 வாட் அளவில் இருக்கும். முழு ரெண்டரில் ஓடும் இந்த இயந்திரத்தை அது சில நிமிடங்களே தாங்கும். சேமித்து அணைக்க அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் மின்சாரத்தை இந்த ஒர்க்ஸ்டேஷன்களின் எஸ்எம்பிஎஸ் ஏற்காமல் அணைந்துவிட வாய்ப்புண்டு.

மின்கட்டணத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முழு வேலையில் இருக்கும்போது என் கணினி சுமார் 300 வாட் இழுக்கிறது. பன்னிரண்டு மணி நேர ரெண்டருக்கு 3.6 யூனிட். தனியாகப் பார்த்தால் சிறிதுதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கே மாறி, கீழே உள்ள சில யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும். அதனால் கார்டின் மின்வரம்பை 170 வாட்டிலிருந்து 130க்கு இறக்கி வைத்திருக்கிறேன். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது. சூடும் சத்தமும் நன்றாகவே குறைந்தன. மதுரை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், இந்த ஒரு மாற்றம் தந்த நிம்மதி பெரிது.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. வாங்கியதும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். மதர்போர்டின் நாணய பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் மாற்றியாயிற்று. ரேம் துண்டு ஒன்று இடையில் பழுதானது. இவற்றுக்குத் தேவை ரெஜிஸ்டர்ட் இசிசி வகை ரேம். பெரிய சர்வர்களிலிருந்து கழித்து வருவதாலும், சாதாரணக் கணினியில் வேலை செய்யாததாலும் அது மலிவாகவே கிடைத்துவந்தது. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை எல்லா வகையிலும் ஏறியிருப்பதால், இப்போது வாங்குபவர்கள் ஆரம்பத்திலேயே 32 ஜிபியோடு வரும் பெட்டியைத் தேடுவது நல்லது.

இந்த ஜியான்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நான் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்கு மாறிவிட்டேன். பிளெண்டர், வரைவதற்கான கிரிட்டா இரண்டும் அதில் குறையின்றி ஓடுகின்றன. என்விடியா டிரைவரை நிறுவுவதும் எளிது. அடோபியின் மென்பொருள்களை விட முடியாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்கள் விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்குக் கீழே போகவே வேண்டாம்.

இருபரிமாண அனிமேஷன் மட்டுமே செய்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. ஓபன்டூன்ஸ், கிரிட்டா போன்றவற்றுக்குப் பெரிய கார்டு தேவையே இல்லை. 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, கைக்கு ஒத்த ஒரு வரைபலகை போதும். மிச்சமாகும் பணத்தை வரைபலகையில் போடுங்கள். புதியதுதான் வேண்டும், இடத்தை அடைக்கக் கூடாது என்பவர்களுக்கு எம்4 சில்லு கொண்ட மேக் மினி இருக்கிறது. 2024 இறுதியில் 16 ஜிபியோடு 59,900 ரூபாய்க்கு வந்தது. ஒரு கோரின் வேகத்தில் என் ஜியான் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நண்பர் வீட்டில் என் மூவர் காட்சியை அதில் ஓடவிட்டபோது ஆட்டுக்குட்டி துள்ளியும் 24 கலையவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 16 ஜிபியைச் சில்லும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், பிறகு கூட்டவும் முடியாது. என் கிராமத்துத் தெருவை வைத்துக்கொண்டு அதற்கு நான் துணியமாட்டேன்.

பழைய ஒர்க்ஸ்டேஷன்தான் என்று முடிவெடுத்தால், கடைக்கு ஒரு பென் டிரைவோடு போங்கள். பிளெண்டரை நிறுவாமலே ஓடும் ஜிப் வடிவில் இறக்கி, உங்களிடம் இருப்பதிலேயே கனமான காட்சிக் கோப்பையும் அதில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லி எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் படியுங்கள். இதே மாடல்களில் 425, 490 வாட்டோடு வந்தவையும் உண்டு. 600க்கு மேல் இருப்பதாகக் கேளுங்கள். கார்டுக்கான 6 அல்லது 8 முனை மின்கம்பி உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு காட்சியை ஓடவிட்டு இடது மேல்மூலை எண்ணைப் பாருங்கள். அரை மணி நேரமாவது ரெண்டர் ஓடட்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். சம்மதிக்கும் கடைகள் அதே தெருவில் இருக்கின்றன.