மேய்ச்சல் புல் விதைக்க எந்தக் கலப்பை? கொக்கியா, ரோட்டவேட்டரா, சட்டியா?

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, ராதாபுரம் பக்கத்துச் செவல் காடுகள், அதாவது செம்மண் மானாவாரி நிலங்கள், பல வருஷமாகத் தரிசாகக் கிடக்கின்றன. சீமை உடை (சீமைக் கருவேலம்), ஊடே பனை, கால் வைக்கிற இடமெல்லாம் சரள் கல். ஆட்டுக்கு மேய்ச்சலாகக் கொழுக்கட்டைப் புல் போடலாம் என்று இறங்குகிறவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 25 எச்.பி. மினி டிராக்டர். அதன் பின்னால் எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒன்று. சீமை உடையைத் தரையோடு வெட்டிவிட்டு உழலாம் என்று நினைக்க வேண்டாம். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும். தூரோடு பிடுங்க ஜேசிபிதான் வேண்டும். இந்த வேலையை மினி டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துப் பார்ப்பது ஆபத்து, முன்சக்கரம் தூக்கிவிடும்.

நிலம் ஒழுங்காகிவிட்டது என்று வையுங்கள். எதை மாட்டலாம் என்று கேட்டால் முதலில் வரும் பதில், சுற்றுகிற பிளேடுகளால் மண்ணை நறுக்கும் ரோட்டவேட்டர்தான். ஒரே ஓட்டில் மண் மாவாகிவிடும், பார்க்கவும் அழகு. நன்செய்க்கு அது சரி. சரள் காட்டில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதல் காரணம் கல். டிராக்டர் இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டின் வேகத்தில் சுற்றுகிற பிளேடு கல்லிலோ மிச்சம் கிடக்கும் வேரிலோ அடித்தால் பிளேடு வளையும், போல்ட் தெறிக்கும், கியர்பாக்ஸும் அடி வாங்கும். வாடகைக்கு வருகிறவர் "கல்லெல்லாம் பொறுக்கியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்பது சும்மா இல்லை. இரண்டாவது, கோரைக் களை. கோரைக் கிழங்கைப் பிரித்துப் பரப்ப இதைவிட நல்ல கருவி கிடையாது. அறுகும் அப்படித்தான், துண்டு துண்டாக நறுக்கினால் துண்டுக்கு ஒரு செடி.

மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை: காற்று. கோடை மழையில் உழுதுவிட்டு ஐப்பசி மழைக்கு விதைப்பதுதான் இங்கே வழக்கம். இடையில் ஆனி, ஆடி, ஆவணி வருகிறது. முப்பந்தலிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். சித்திரையில் மாவாக்கிய மண்ணை அது விட்டுவைக்குமா? மேல்மண் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும், சரள் மட்டும் நமக்கு.

ஐந்து கொக்கிக் கலப்பை (கல்டிவேட்டர்) இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறது. ஸ்பிரிங் வைத்த கொக்கியாக இருக்க வேண்டும். கல்லோ வேரோ தட்டினால் பின்னால் மடங்கி, தாண்டியதும் திரும்ப வந்து நிற்கும். கோரையையும் அறுகையும் ரோட்டவேட்டர் போல நறுக்காமல், மண்ணைக் கீறிக் கட்டி கட்டியாகப் போடும். அந்தக் கட்டிகள்தான் காற்றைத் தடுக்கின்றன, மழை பெய்தால் நீரையும் பிடித்து வைக்கின்றன. மேடு பள்ளமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், இது நெல் நாற்றங்கால் இல்லை.

கொக்கிக்கும் குறை உண்டு. ஒரே ஓட்டில் வேலை முடியாது. கோடை மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே ஒன்று, புரட்டாசியில் முதல் ஓட்டுக்குக் குறுக்காக, ஆனால் மேலாக ஒன்று. டீசல் கணக்குப் பார்த்தால் ரோட்டவேட்டரோடு பெரிய வித்தியாசம் வராது. பிளேடு செலவு மிச்சம். காய்ந்த செவலில் இறங்கினால் கொக்கி மேலே வழுக்கிக்கொண்டு போகும், டயர் சுற்றும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகி, கீழே போட்டதும் உதிர்ந்தால் அதுதான் பதம்.

வட்டத் தட்டுகளால் ஆழமாக உழும் சட்டிக் கலப்பை? மினி டிராக்டர் அதை இழுக்கத் திணறும், பெரிய வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அதைவிட, புல்லுக்கு அது தேவையே இல்லை. 'அகல உழுவதை விட ஆழ உழு' என்பது பயிருக்கு. மெல்லிய மேல்மண் உள்ள காட்டில் ஆழ உழுதால் அடிச்சரளை மேலே கொண்டுவந்துவிட்டு, நல்ல மண்ணைக் கீழே புதைப்போம். கொழுக்கட்டைப் புல் விதை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே அதிகம் போனால் முளைத்து வரச் சிரமப்படும்.

கரிசலில் மட்டும் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். மானூர், வன்னிக்கோனேந்தல் பக்கம் கல் இல்லாத கரிசலாக இருந்து, கொக்கி போட்டும் கட்டி உடையாவிட்டால், விதைப்புக்கு ஒட்டி ரோட்டவேட்டரை மேலாக ஒரு ஓட்டு விடலாம். பிறகு பரம்பு அடித்து, அதாவது பலகை இழுத்து மண்ணை அமுக்கிச் சமப்படுத்தியே ஆக வேண்டும். பொதபொதவென்று கிடக்கும் மண்ணில் விதை ஆழத்துக்குப் போய்விடும், வேரும் பிடிக்காது.

உழவே செய்யாமல், ராத்திரி ஆட்டை நிலத்தில் அடைத்துக் கிடை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் உரம், குளம்பு மேல்மண்ணைக் கிளறிவிடும், செலவும் குறைவு. இறுகிப்போன தரைக்கு அது போதாது என்றாலும், உழுத காட்டில் விதைப்புக்கு முன் நாலு ராத்திரி கிடை கிடந்தால் நல்லதுதான். ஒரே எச்சரிக்கை: உடை நெற்று தின்ற ஆட்டைக் கிடை வைத்தால் புழுக்கையோடு உடை விதையும் வந்து விழும். ஜேசிபிக்குக் கொடுத்த காசு வீண்.

விதைப்பு எளிது. ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. விதை பஞ்சுபோல ஒன்றோடொன்று ஒட்டும், மணலோடு கலந்து தூவுங்கள். புதிதாக அறுத்த விதைக்கு உறக்கம் உண்டு, உடனே முளைக்காது. சில மாதம் வைத்திருந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். தூவியதும் மறுபடி கலப்பை விட வேண்டாம். முள்கிளை ஒன்றை வெட்டி, டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தால் போதும், விதை மேலாக மூடிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு ஓரிரு நாள் முன்னால் இது முடிந்திருந்தால் உத்தமம். ரொம்ப முன்னால் தூவினால் எறும்பு தூக்கிப் போய்விடும். புல் ஒருமுறை பூத்து விதை உதிர்க்கும்வரை ஆட்டை உள்ளே விடாதீர்கள்.