கிளைபோசேட் 41% களைக்கொல்லி: களை போகுது, ஆனா வீட்டுல நாய் இருக்குதே

அஞ்சுக்கு 2 ஸ்டார், அந்த ரெண்டும் களைக்காக. கோரை, அருகு, பார்த்தீனியம் எதையும் விட்டு வைக்கல. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கறவங்களுக்கு இதைப்பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, லிட்டர் தண்ணிக்கு 10 மில்லி, நல்ல வெயில் நாளா பாத்து அடிக்கணும், அடிச்ச கொஞ்ச நேரத்துலயே மழை பேஞ்சா காசு தண்டம்.

எங்க வீடு தோப்புக்குள்ளயே இருக்கு, ஒரு நாட்டு நாய், ஒரு ஸ்பிட்ஸ். வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட கேட்டேன், "அண்ணா, நாய்ங்க இருக்குதுங்க, ஒண்ணும் ஆகாதுங்களா?" "காஞ்சிட்டா ஒண்ணும் ஆகாதுப்பா, ஆடே மேயுது"ன்னார். ஈரமா இருக்கறப்பதான் ஆபத்து அதிகம்ங்கறது உண்மைதான், ஆனா நாய் காலையில எழுந்ததும் அருகம்புல்லைத் தேடிப் போய் திங்கும்ல, அதை யாரு யோசிக்கறது? இந்த மருந்து அடிச்ச உடனே புல்லு கருகாது, ஒரு வாரம் வரைக்கும்கூட பச்சையாவே நிக்கும், அப்பறம்தான் மஞ்சளாகும். நாய்க்கு எப்படித் தெரியும் அது மருந்து புல்லுன்னு.

எங்க நாட்டு நாய்க்கு அதான் ஆச்சு. எச்சில் நூல் நூலா ஒழுகுது, நுரையோட வாந்தி, வாந்திக்குள்ள புல்லு இலை அரைபடாம அப்படியே சுருண்டு கெடக்குது. பக்கத்து தோட்டத்து பெரியம்மா உப்புத்தண்ணி கரைச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க, கால்நடை டாக்டர் போன்லயே அதை ஊத்தாதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, காலையும் வாயையும் கழுவிட்டு பாட்டிலோட வாங்கன்னுட்டார். அங்க போனதும் அவர் மொதல்ல பாத்தது லேபிளைத்தான். பாராகுவாட்ங்கற வேற களைக்கொல்லியா இருந்தா கதையே வேற, அதுக்கு மாத்து மருந்தே கெடையாது, நுரையீரலை அரிச்சிடும். இதுல கிளைபோசேட்டை விட, இலையில ஒட்டறதுக்குன்னு கலக்கற சோப்பு மாதிரி சமாச்சாரம்தான் வயித்தை அதிகமா கலக்குதாம். ஊசி, டிரிப்ஸ் போட்டு தேத்திட்டோம்.

இதுக்கு பதிலா 2,4-டிங்கற இன்னொரு களைக்கொல்லி வாங்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கும் சொல்லிடறேன், மனுசனோட கிட்னி அதை சீக்கிரம் வெளியேத்திடும், நாயோட கிட்னி அப்படி வெளியேத்தாது, ஒடம்புலயே ரொம்ப நேரம் தங்கும். 2013ல அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துக்காரங்க வளர்ப்பு நாய்ங்க மூத்திரத்தை சோதிச்சதுல, மருந்தே அடிக்காத வீட்டு நாய்ங்க சிலதுலயும் களைக்கொல்லி இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் அடிச்சாலும் நம்ம நாய்க்கு வரும், அவ்வளவுதான்.

பேக்கிங் ரொம்ப மோசம். வெவரமெல்லாம் மடிச்ச நோட்டீசுல பொடி எழுத்துல இருக்கு, நான் கண்ணாடி போட்டுட்டும் படிக்க முடியல. ஆடு மாடை விடாதேன்னு இருக்கு, எத்தன நாளைக்குன்னு இல்ல, நாய்ங்கற பேச்சே இல்ல. 2022 அக்டோபர்ல மத்திய அரசு இதை பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்கதான் அடிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு, கடையில அதைப்பத்தி ஒரு வார்த்தை கேக்கல, பில்லு கூட கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு.

நாய் போகாத வேலியோரத்துக்குன்னா பரவாயில்ல. வாசலுக்கு வேண்டாம், பிரஷ் கட்டர் வாடகைக்கு கெடைக்குது. மழைக்காலத்துல திரும்பத் திரும்ப வெட்டணும், செலவும் கூடத்தான், ஸ்பிட்ஸுக்கு அந்த மிஷின் சத்தம் ஆகவே ஆகாது, அது வேற பஞ்சாயத்து.