ரப்பர் மோல்டிங் பிரஸ்ஸுக்கு எந்த பவர் பேக்: கியர் பம்பா, பிஸ்டன் பம்பா, டபுள் பம்பா?

ரப்பர் மோல்டிங் பிரஸ்ஸில் ராம் (எண்ணெய் அழுத்தத்தில் மேலேறி அச்சை அழுத்தும் தண்டு) மேலேறுவது சில நொடிதான். ரப்பர் வேகும்வரை அழுத்திப் பிடித்து நிற்பதோ பல நிமிடம். அந்தப் பிடிநேரத்தில் பம்ப் என்ன செய்கிறது என்று பார்த்தே, பம்பும் மோட்டாரும் டேங்கும் சேர்ந்த பவர் பேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒற்றை கியர் பம்ப் விலை குறைவு. எண்ணெய் கொஞ்சம் அழுக்கானாலும் தாங்கும். ஆனால் சுற்றும்வரை ஒரே அளவு எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ராம் நின்றபின் அத்தனையும், அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பும். நிமிடத்துக்கு 20 லிட்டர், 150 பார் என்றால் 20 × 150 ÷ 600 = 5 கிலோவாட், முழுக்க வெப்பமாகப் போகிறது. எண்ணெய் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நீர்த்துப்போகும். பம்பின் உள்கசிவு கூடும், சீல்கள் சீக்கிரம் கெடும். இதற்குக் கூலர் வாங்கிப் போடுவது வீண் செலவு.

காம்பன்சேட்டர் (அழுத்தத்தைப் பார்த்து எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) வைத்த பிஸ்டன் பம்ப், செட் செய்த அழுத்தம் வந்ததும் பிஸ்டன்களை இயக்கும் ஸ்வாஷ் பிளேட்டின் சாய்வைக் குறைத்துக்கொள்ளும். கசிவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டுமே எண்ணெய் தரும். விலை அதிகம், எண்ணெயில் அழுக்கு இருந்தால் தாங்கவே தாங்காது. இதைக் கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் விதம்தான். முதல்முறை ஓட்டுமுன் கேஸிங்கில் எண்ணெய் நிரப்ப வேண்டும். கேஸிங்கில் கசியும் எண்ணெயை வெளியேற்றும் டிரெயின் லைனை ரிட்டர்ன் ஃபில்டரோடு சேர்க்காமல் நேராக டேங்குக்கு விட வேண்டும். சேர்த்தால் பின்னழுத்தம் ஏறி ஷாஃப்ட் சீல் போய்விடும். ரிலீஃப் வால்வைக் காம்பன்சேட்டரைவிட 15–20 பார் கூடுதலாக வையுங்கள். குறைத்து வைத்தால் ரிலீஃப் முதலில் திறக்கும், பம்ப் அடங்காது, பழைய சூடே திரும்ப வரும்.

டபுள் பம்பில் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் பெரிய பம்பும் 8 லிட்டர் தரும் சிறிய பம்பும் ஒரே மோட்டாரில் ஓடும். 35 பார் வரை இரண்டும் சேர்ந்து ராமை வேகமாக ஏற்றும். அதன்பின் பெரியது, எண்ணெயை அழுத்தமின்றி டேங்குக்கு விடும் அன்லோடிங் வால்வு வழியே சும்மா சுற்ற, சிறியது மட்டும் 150 பார் வரை அழுத்தும். 5 எச்பி மோட்டார் போதும். 48 லிட்டரையும் 150 பாரில் ஒரே பம்பால் தள்ள 12 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அழுத்தம் எட்டியதும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும்; எண்ணெயைத் திரும்ப விடாத பைலட் செக் வால்வு அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தனி பிரஸ்ஸுக்கு டபுள் பம்பே சரி. ஒரே பவர் பேக்கில் நாலைந்து பிரஸ் ஓட்டினால் தேவை நொடிக்கு நொடி மாறும். அங்கே பிஸ்டன் பம்புக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

டபுள் பம்பில் கவனிக்க வேண்டியது, பிடிநேரத்தில் மோட்டார் எத்தனை முறை ஸ்டார்ட் ஆகிறது என்பது. கசிவால் அழுத்தம் இறங்கினால்தான் அது மறுபடி ஸ்டார்ட் ஆகும். அடிக்கடி என்றால் வைண்டிங் சூடேறி எரியும். முதலில் ராமைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் கிளாண்டைப் பாருங்கள். அங்கே கசிவில்லை என்றால் செக் வால்வைக் கழற்றுங்கள். வால்வு படிந்து மூடும் சீட்டில் தூசோ கீறலோ இருக்கும்.